பதவியேற்போடு நான் நிறுத்திவிட்ட பாடம்



பதிவு கொஞ்சம் நீளம். கைவேலையை முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "அருமை சார்" என்று பின்னூட்டம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் பள்ளிப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 1984 அக்டோபர் 31 அன்று மேற்கு வங்காளத்தில் தேர்தல் பிரசாரத்தில் இருந்த ராஜீவ் காந்திக்கு, அம்மா சுடப்பட்டார் என்ற தகவல் எப்படி வந்தது, அவர் எப்படிப் பதறாமல் டெல்லி வந்து சேர்ந்தார், அன்று மாலையே எப்படிப் பிரதமர் ஆனார் என்று வயலின் இசையோடு சொல்லியிருந்தார்கள். கடைசியில் பெரிய எழுத்தில் "இதுதான் தலைமை". கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒரு மாணவி எழுதினாள்: "இது நம்ம சார் பிரேயர்ல சொன்ன கதை. அப்படியே இருக்கு!"

உண்மைதான். அப்படியேதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அரை நிமிடம் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

குழுவில் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இது பாதிக் கதை." அவ்வளவுதான். அதைப் பார்த்த அக்கா மகன் ஃபோன் செய்துவிட்டான். "மாமா, செத்துப் போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு? குரூப்ல அரசியல் வேண்டாமே, எல்லாக் கட்சிக்காரங்களும் இருக்காங்க."

மாப்பிள்ளை, நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை. முப்பத்து மூன்று வருடம் சமூக அறிவியல் நடத்தியவன். இதில் கட்சி அரசியல் இல்லை, நான் என் மாணவர்களுக்குப் பட்ட கடன் இருக்கிறது. பாதிக் கதையை முழுக் கதை என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அதைத் திருத்தாமல் போனால் எனக்கு ஆசிரியர் ஓய்வூதியம் வாங்கும் தகுதி இல்லை.

முதலில் அந்தப் பாதிக் கதையைச் சரியாகவே சொல்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்று புதன்கிழமை. காலை ஒன்பதேகால் மணிக்கு மேல், பிரதமர் இந்திரா காந்தி சஃப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து பக்கத்து அக்பர் சாலை அலுவலகத்துக்கு நடந்து போகிறார். பீட்டர் உஸ்தினோவ் என்ற ஆங்கிலேய நடிகர் அங்கே பேட்டிக்காகக் காத்திருக்கிறார். வழியில் பிரதமரின் சொந்தக் காவலர்களே, பியந்த் சிங், சத்வந்த் சிங் என்ற இருவர், சுட்டுவிடுகிறார்கள். மருமகள் சோனியா ஓடி வந்து, அம்பாசிடர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் போகிறார்.

இப்போது கவனியுங்கள், அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்று. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அரசுமுறைப் பயணமாக ஏமன் நாட்டில், சனா நகரத்தில். மகன் ராஜீவ் மேற்கு வங்காளத்தில் காந்தி என்ற ஊர்ப் பக்கம் பிரசாரத்தில். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பம்பாயில். உள்துறை அமைச்சர் நரசிம்ம ராவ் ஆந்திரத்தில். நான்கு பேரும் நான்கு திசையில்.

ராஜீவுக்கு போலீஸ் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. கூட்டத்தை நிறுத்தினார். பிரணாப் முகர்ஜி முதலானவர்களோடு காரில் கிளம்பினார். வழியெல்லாம் டிரான்சிஸ்டரில் பி.பி.சி. கேட்டுக்கொண்டே வந்தார். கோலாகாட்டில் ஹெலிகாப்டர் பிடித்துக் கல்கத்தா, அங்கிருந்து விமானத்தில் டெல்லி. அவர் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்தவர் அல்லவா? விமானி அறைக்குள் போய், வெளியே வந்து, அம்மா இறந்துவிட்டதைக் கூட இருந்தவர்களிடம் சொன்னார். பிற்பகல் மூன்று மணியளவில் டெல்லியில் இறங்கினார். குடியரசுத் தலைவர் ஏமனிலிருந்து பறந்து வந்து ஐந்து மணியளவில் இறங்கினார். அவர் வரும்வரை காத்திருக்கலாமா, அல்லது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த நம் ஆர். வெங்கட்ராமனை வைத்தே பதவிப் பிரமாணம் செய்துவிடலாமா என்று ஒரு பேச்சு நடந்தது. காத்திருந்தார்கள். மாலை ஏழு மணிக்குள் ராஜீவ் காந்தி பிரதமராகப் பதவியேற்றுவிட்டார்.

காலையில் அம்மாவை இழந்த நாற்பது வயது மனிதர், மாலையில் நாட்டைத் தோளில் வாங்கிக்கொள்கிறார். கதை இங்கே முடிந்தால் அழகாக இருக்கிறது இல்லையா? நானும் இங்கேதான் முடிப்பேன். கரும்பலகையில் "பதறாத காரியம் சிதறாது" என்று எழுதிவிட்டு, சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பேன்.

அந்த நாள் எனக்கு நேரடியாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஐப்பசி மழை. ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். தபால் ஆபீஸ் ஃபோனில் வந்த சேதி என்று தலைமையாசிரியர் அறையில் குசுகுசுவென்று பேசினார்கள். யாரும் உரக்கச் சொல்லவில்லை. ரேடியோவில் சோக இசை மட்டும் ஓடியது. வானொலி மாலையில்தான் மரணத்தை அறிவித்தது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அழுதுகொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த அழுகை பொய் இல்லை. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை.

ஆனால் அதே நேரத்தில் டெல்லியில் நடந்துகொண்டிருந்ததை நான் பாடமாக்கவில்லை. அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அந்த மீதிப் பாதியை எனக்குச் சொன்னது புத்தகம் இல்லை. 1999-ல் ஒரு பயிற்சிக்காக டெல்லி போயிருந்தேன். அங்கே மத்திய அரசு வேலையில் இருந்த என் பழைய மாணவன், ஞாயிற்றுக்கிழமை என்னை டாக்சியில் ஊர் சுற்றிக் காட்டினான். (அவன் இதைப் படிப்பான். தம்பி, நினைவிருக்கிறதா?) ஓட்டுநர் ஒரு சீக்கிய இளைஞர். இந்திரா நினைவு இல்லத்தைத் தாண்டும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்தப் பயணக் கதையை மாணவனிடம் ஆரம்பித்தேன். அவன் ஓட்டுநருக்கு இந்தியில் சொன்னான். ஓட்டுநர் கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேசினார். மாணவன் மொழிபெயர்க்கத் திணறினான்.

"எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. அம்மா என் முடியை வெட்டினாங்க. கத்தரிக்கோல் கிடைக்கலை, காய் நறுக்குற கத்தியால வெட்டினாங்க. சர்தார்னு தெரியக்கூடாதுன்னு. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அவர் வரலை." இதைச் சொல்லிவிட்டு என் மாணவனிடம் ஒன்று கேட்டார். "உங்க சார்கிட்ட கேளுங்க. அவ்வளவு தூரத்திலிருந்து விமானமெல்லாம் வந்து சேர்ந்துச்சே, பக்கத்துத் தெருவிலிருந்து போலீஸ் ஏன் வரலை?"

என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

மீதிக் கதை இது.

ஏமனிலிருந்து வந்து இறங்கிய குடியரசுத் தலைவர் நேரே எய்ம்ஸுக்குப் போனார். வழியில் அவர் கார்கள்மேல் கல் விழுந்தது. நாட்டின் முதல் குடிமகன், முப்படைகளின் தலைவர், அவர் கார்மேல் கல். ஏன்? அவர் தலைப்பாகை கட்டிய சீக்கியர், சுட்டவர்களும் சீக்கியர். யோசியுங்கள் பிள்ளைகளே, அன்று மாலை டெல்லிக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? குடியரசுத் தலைவருக்கே இந்தக் கதி என்றால், டாக்சி ஓட்டுகிற, தச்சு வேலை பார்க்கிற, கட்டில் கயிறு பின்னுகிற சீக்கியனின் கதி என்ன என்று அந்த நேரத்திலேயே ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஒருவருக்குத் தோன்றியது. பின்னாளில் பிரதமரான ஐ.கே. குஜ்ரால் அன்று மாலையே உள்துறை அமைச்சர் நரசிம்ம ராவிடம் போய், நிலைமை மோசம், சீக்கிரம் ராணுவத்தைக் கூப்பிடுங்கள் என்று சொன்னார். இதை நான் சொல்லவில்லை, 2019-ல் மன்மோகன் சிங் பொதுமேடையில் சொன்னார். அந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் படுகொலையைத் தவிர்த்திருக்கலாம் என்றும் சொன்னார். டெல்லி போலீஸ் மாநில அரசின் கையில் இல்லை, மத்திய உள்துறையின் கையில் இருந்தது. பக்கத்திலேயே ராணுவக் குடியிருப்பு இருந்தது. ஆக, ஆளும் இருந்தது, அதிகாரமும் இருந்தது, எச்சரிக்கையும் வந்துவிட்டது.

நவம்பர் 1 காலையிலிருந்து கும்பல்கள் இறங்கின. மண்ணெண்ணெய், டயர், இரும்புத் தடி, வீடுகளை அடையாளம் காட்டும் பட்டியல். திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி, கல்யாண்புரி என்று ஏழைகள் வாழ்ந்த குடியிருப்புகளில் ஆண்களை வீட்டிலிருந்து இழுத்து வந்து எரித்தார்கள். திரிலோக்புரியில் ஒரே பிளாக்கில், 32-ம் பிளாக்கில், நூற்றுக்கணக்கானவர்கள். அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது அரசு இல்லை, இந்தியன் எக்ஸ்பிரஸ் நிருபர்கள் ராகுல் பேடியும் ஜோசப் மாலியக்கனும். திரிலோக்புரி, குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சனாவிலிருந்து டெல்லி மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மூவாயிரம் கிலோமீட்டரை ஒரே பகலில் தாண்டி வர முடிந்த அரசுக்கு, பதினைந்து கிலோமீட்டர் போக மூன்று நாள் ஆயிற்று.

ஊரடங்கு போட்டார்கள். ராணுவத்தையும் கூப்பிட்டார்கள். ஆனால் நவம்பர் 3 அன்று, இந்திரா காந்தியின் இறுதிச் சடங்கு நடந்த நாளில்தான், நிலைமை கட்டுக்குள் வரத் தொடங்கியது. அதற்குள் டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். இது அரசாங்கமே பின்னால் ஒப்புக்கொண்ட கணக்கு. மற்ற ஊர்களில் இறந்தவர்கள் தனி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணாகதியைக் கையெழுத்து வாங்கிய லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா படத்தை நான் வகுப்பில் காட்டியிருக்கிறேன். நீங்களும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள், தலைப்பாகையோடு மேசையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். 1984 நவம்பரில் அவர் தலைநகரில் தன் வீட்டில் இருக்க முடியாமல் குஜ்ரால் வீட்டில் அடைக்கலம் புக வேண்டியிருந்தது. அந்தப் படத்தை உங்களுக்குக் காட்டிய நான், இதை ஒருநாளும் சொன்னதில்லை.

இனி உங்கள் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ஃபோனிலும் இன்பாக்ஸிலும் மூன்று வந்தன.

முதல் ஆட்சேபம்: "சார், அம்மாவைப் பறிகொடுத்த மனுஷன். பதவிக்கு வந்து சில மணி நேரம்தான். அவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. அந்த மகனின் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அன்று இரவே அவர் நாட்டு மக்களிடம் பேசினார், அமைதி காக்கச் சொன்னார். அதையும் மறைக்கவில்லை. ஆனால் துக்கம் காரணமாகப் பொறுப்பிலிருந்து விலக்கு கேட்பதென்றால், பொறுப்பை ஏற்காமல் இருந்திருக்கலாம். நாலு நாள் கழித்து ஏற்றிருக்கலாம். துக்கத்தோடு பதவி ஏற்க முடியும் என்றால், துக்கத்தோடு ஓர் உத்தரவும் போட முடியும். "சீக்கியர்கள் வாழும் தெருக்களில் இன்றிரவே ராணுவம் நிற்க வேண்டும்" என்ற உத்தரவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம். பதவிப் பிரமாணத்தைவிடக் குறைவு.

அவர் ஒருவரைச் சொல்லி மற்றவர்களை விடவும் மாட்டேன். அனுபவமுள்ள உள்துறை அமைச்சர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள், துணைநிலை ஆளுநர் இருந்தார், போலீஸ் ஆணையர் இருந்தார். இத்தனை பேருக்கும் தாய் இறக்கவில்லையே.

சரி, முதல் மூன்று நாள் துக்கம் என்றே வைத்துக்கொள்வோம். நவம்பர் 19 அன்று, கொலைகள் நின்று இரண்டு வாரத்துக்குப் பிறகு, டெல்லி போட் கிளப் கூட்டத்தில் பிரதமர் என்ன பேசினார்? பெரிய மரம் விழும்போது பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்று பேசினார். அது பதற்றத்தில் வந்த வார்த்தை இல்லை. நிதானமாக, மேடையில், மைக்கில் வந்த வார்த்தை. அந்த மரத்தின் கீழே நசுங்கியவர்கள் 2,733 பேர் என்றால், மரம் விழுந்து நசுங்கவில்லை ஐயா, ஆள் வந்து எரித்தான்.

இரண்டாவது ஆட்சேபம்: "மக்களின் கோபம் தானாக வெடித்தது. யாராலும் தடுத்திருக்க முடியாது."

தானாக வெடிக்கிற கோபத்துக்கு வீட்டு எண் தெரியாது. தானாக வெடிக்கிற கோபம் மண்ணெண்ணெய் டின்னைக் கூட்டங்கூட்டமாக ஏற்றிக்கொண்டு வராது. 1984 நவம்பரிலேயே பி.யு.டி.ஆர்., பி.யு.சி.எல். என்ற இரண்டு மனித உரிமை அமைப்புகள் தெருத்தெருவாகப் போய் விசாரித்து அறிக்கை வெளியிட்டன, இது ஏற்பாடு செய்து நடந்தது என்று. ஆளுங்கட்சி எம்.பி.யாக இருந்த சஜ்ஜன் குமாருக்கு 2018 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. முப்பத்து நான்கு வருடம் கழித்து. கணவனை இழந்தபோது முப்பது வயதாக இருந்தவளுக்குத் தீர்ப்பு வரும்போது அறுபத்து நான்கு வயது.

தடுத்திருக்க முடியாது என்பதும் சரியில்லை. அரசு அமைத்த மிஸ்ரா ஆணையமே, ராணுவத்தை முன்கூட்டியே இறக்கியிருந்தால் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் சொன்னது.

தடுக்க நினைத்தால் அதற்கு வழி உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1948 ஜனவரி 30, காந்தியடிகள் சுடப்பட்ட மாலை. பிர்லா மாளிகைக்கு வந்த மவுன்ட்பேட்டனிடம் கூட்டத்தில் ஒருவர், சுட்டவன் முஸ்லிம் என்று கத்தினார். இல்லை, அவன் இந்து என்று அந்த இடத்திலேயே மவுன்ட்பேட்டன் மறுத்தார். வானொலி அறிவிப்பிலும் கொன்றவன் இந்து என்பதைச் சேர்த்தே சொன்னார்கள். ஏன்? தேசப்பிதா செத்துக் கிடக்கும் நேரத்திலும் அவர்களுக்கு உடனே உறைத்த கேள்வி, "இந்தச் செய்தியால் இப்போது யார் உயிருக்கு ஆபத்து?" என்பது. அப்போதும் மராட்டியப் பகுதியில் பிராமணர் வீடுகள் தாக்கப்பட்டன, எல்லாம் சுமுகமாக முடிந்துவிடவில்லை. ஆனால் டெல்லி முஸ்லிம்கள்மேல் விழ இருந்த ஒரு பேரிடியை அந்த ஒரு வரி தடுத்தது. 1984-ல் கொன்றவர்கள் யார் என்பதை மறைக்க முடியாது, சரி. அப்படியானால் இன்னும் இரண்டு மடங்கு எச்சரிக்கை தேவைப்பட்டது. அரசு அதைச் செய்யவில்லை. அஞ்சலி செலுத்த வந்த கூட்டம் ரத்தத்துக்கு ரத்தம் என்று கத்தியது தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி வீடுவீடாகப் போனது.

மூன்றாவது ஆட்சேபம், இது அக்கா மகனுடையது: "அதுக்கு முன்னாடி பஞ்சாபில் தீவிரவாதிகள் எத்தனை பேரைக் கொன்னாங்க? அதுக்கப்புறம் மத்த ஊர்ல, மத்த ஆட்சியில கலவரம் நடக்கலையா? ஏன் இதை மட்டும் பேசறீங்க?"

மாப்பிள்ளை, பஞ்சாபில் அப்பாவிகளைக் கொன்றவன் கொலைகாரன்தான். பிரதமரைச் சுட்டவனும் கொலைகாரன்தான், நம்பிக் காவலுக்கு வைத்தவரைச் சுட்டவன் இன்னும் கேவலமானவன். அந்தக் கொலைக்குச் சட்டப்படி தண்டனை உண்டு, கொடுத்தார்கள். திரிலோக்புரியில் கட்டில் பின்னிக்கொண்டிருந்தவன் அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? இதை மட்டும் ஏன் பேசுகிறேன் என்றால், இதைத்தான் நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். மற்ற ஆட்சிகளுக்கும் இதே அளவுகோல்தான். எந்தக் கட்சி, எந்த ஊர், எந்த வருடம் என்றாலும் இதே கேள்வியை வைத்துப் பாருங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

உனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றால் உன் சித்தியைக் கேள். 1991 மே மாதம். அதே ராஜீவ் காந்தி, நம் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். பழி தமிழர் பக்கம் வந்தது. உன் சித்தி அப்போது கைக்குழந்தையோடு டெல்லியில் இருந்தாள். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. வெளியே போனால் தமிழ் பேசாதே என்று பெரியவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று நாள் இங்கே அம்மா சாப்பிடவில்லை. கொன்றவன் பேசிய மொழியை நாமும் பேசுகிறோம் என்பதற்காக நம் வீட்டுப் பெண் பயந்து கிடந்தாள். அந்தப் பயம்தான் 1984-ல் அந்தத் தாயின் கையில் காய் நறுக்குகிற கத்தியாக இருந்தது. நமக்கு வரும்போது அநியாயம் என்று தெரிகிறது, அடுத்தவனுக்கு வரும்போது "பூமி அதிரத்தான் செய்யும்" என்று தோன்றுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

1984 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அந்தக் கட்சிக்கு 400-க்கும் மேல் இடங்கள். நம் ஊரிலும் வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டோம். நானும் போட்டேன். யாரும் திரிலோக்புரி என்ற பெயரைச் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில், தாமும் சீக்கியரான பிரதமர் மன்மோகன் சிங், மாநிலங்களவையில் எழுந்து வெட்கத்தால் தலைகுனிகிறேன் என்று மன்னிப்புக் கேட்டார். இருபத்தோரு வருடம். பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரே எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டி வந்ததை என்னவென்று சொல்வது?

இப்போது என் கணக்கு. 1999-லேயே அந்த ஓட்டுநர் என்னிடம் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை, அக்டோபர் 31 வந்தால் பிரேயரில் அதே பாதிக் கதையைத்தான் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். ஏன்? அந்தப் பாதி அழகாக இருந்தது. பிள்ளைகள் கண் விரித்துக் கேட்டார்கள். மீதியைச் சொன்னால் பிரேயர் நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்பார்களோ என்ற பயம். வம்பு வேண்டாம் என்ற ஆசிரியப் புத்தி. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பெரிய தவறுகளுக்கு எப்போதும் பெரிய காரணம் இருப்பதில்லை என்பதையும் அதில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பாடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு தலைவர் வழியில் இருக்கும்போது இடி மாதிரி செய்தி வருகிறது. அவர் அழவில்லை, பதறவில்லை, வேகமாகத் திரும்பி வந்தார் என்பதெல்லாம் அவருடைய சுபாவம். பாராட்டலாம். ஆனால் அதைத் தலைமை என்று சொல்லக் கூடாது. என்ன நடந்துவிட்டது, அடுத்து நாற்காலியில் யார் என்ற கேள்விகளை எல்லா அரசும் கேட்கும், கேட்காமல் இருக்க முடியாது. "இதனால் இன்றிரவு யார் வீட்டில் பயந்து கிடப்பார்கள்?" என்று கேட்பவன்தான் தலைவன். கேட்டுவிட்டு அங்கே ஆளை அனுப்புபவன். 1984 அக்டோபர் 31 அன்று முதல் இரண்டு கேள்விகளுக்கும் மாலை ஏழு மணிக்குள் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதை உரக்கக் கேட்ட குஜ்ராலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இரண்டு பேர் தாசில்தார், ஒருத்தி டி.எஸ்.பி., ஏழெட்டுப் பேர் தலைமையாசிரியர்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு ஃபோன் வரும். பஸ்ஸில் இருப்பீர்கள், கல்யாண வீட்டில் இருப்பீர்கள், எங்கோ பயிற்சியில் இருப்பீர்கள். ஊரில் ஒரு கொலை, ஒரு கொடிக்கம்பத் தகராறு, இரண்டு தெருவுக்கு நடுவே ஒரு பிணம். "எப்படிச் சீக்கிரம் போய்ச் சேருவது" என்று யோசிப்பதற்கு முன்னால் ஃபோனிலேயே அந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். எந்தத் தெருவில் இப்போது விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அங்கே முதலில் ஆளை அனுப்புங்கள். நீங்கள் பிறகு வந்து சேரலாம்.

ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அக்டோபர் 31 பற்றிப் பேசினால் அந்த மாலையோடு நிறுத்தாதீர்கள். நவம்பர் 3 வரை சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தாங்கும். நாம்தான் அவர்களுக்குத் தாங்காது என்று சொல்லிச் சொல்லி நம்மைக் காப்பாற்றிக்கொள்கிறோம்.

அந்த ஓட்டுநருக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இறங்கும்போது மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை, கோபம் இருந்தால் ஃபோன் செய். பேசுவோம். பதிவை மட்டும் எடுக்கச் சொல்லாதே.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்